லூசெர்ன்: நாலு ஏரி, ஒரு எரிந்த பாலம்

லூசெர்ன் நகரத்துக் கூரைப் பாலத்தைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கையேட்டைப் புரட்டினாலும் முதல் வரியிலேயே 1333 என்று ஒரு வருடம் போட்டிருக்கும். ஐரோப்பாவிலேயே பழைய மரக்கூரைப் பாலம், கட்டியது 1333 என்று. காந்தப் பொம்மை விற்கிற கடையிலும் அதே 1333தான். ஆனால் பாலத்து மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு வேறு. அவர்கள் கணக்கில் சுமார் 1365.

மர வளையக் கணக்கு தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. குளிர்தேசத்து மரம் வருடத்துக்கு ஒரு வளையம் போடும். வளர வாய்ப்பான வருடத்தில் அகலமாக, மோசமான வருடத்தில் ஒல்லியாக. அந்த அகலம்-ஒல்லி வரிசை ஒரு வட்டாரத்து மரங்களுக்கெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். காலம் தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்த்தால் இந்தக் கட்டையை எந்த வருடம் வெட்டினார்கள் என்று சொல்லிவிடலாம். கல்வெட்டு மாதிரிதான், என்ன, வெட்டியது மனுசன் இல்லை.

முப்பது வருடம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் லூசெர்ன் சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது 1332. அது வரை ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கையில் இருந்த ஊர். 1332ல் கூட்டு சேர்ந்தார்கள், மறு வருடமே எதிரி ஏரி வழியாக வராமல் இருக்கப் பாலம் கட்டிக்கொண்டார்கள் என்றால் கதை எவ்வளவு அழகாக உட்காருகிறது பாருங்கள்! 1365 என்றால் அந்த அழகு போய்விடுகிறது. முப்பது வருடம் எந்த அவசரமும் இல்லாமல் இருந்திருக்கிறார்கள் என்றாகிறது. வரலாற்றில் ரொம்ப அழகாக உட்காருகிற வருடங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நம்ம ஊர் தலபுராணங்கள் படித்து வளர்ந்ததால் வந்த நோய் :-)

சரி, நான் எப்படி அங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன். புனேயில் 14 வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் என்னை அலுவலகத்தில் மூன்று மாதம் சூரிச் போய் வா என்று அனுப்பினார்கள். அக்டோபர் விடுமுறைக்குத் தங்கமணியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு (புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், வேறென்ன) கட்டிக்கொண்டு லூசெர்னுக்குக் கிளம்பினோம். ரயிலில் முக்கால் மணி, ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில் நாலு ஏரி.

சூரிச்சில் கிளம்பும் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து, தால்வில் பக்கம் வெளியே வரும்போது இடது பக்கம் சூரிச் ஏரி. முழுசாகப் பார்ப்பதற்குள் இன்னொரு சுரங்கம். அதைத் தாண்டினால் ட்ஸூக் என்கிற ஊரும் ட்ஸூக் ஏரியும். வரி குறைவு என்பதற்காக உலகத்துக் கம்பெனிகள் எல்லாம் பெயர்ப்பலகை மாட்டி வைத்திருக்கும் ஊர். இப்போது கிரிப்டோ ஆட்களும் அங்கேதான். பணக்கார ஊர், சுத்தமான கரை, அன்னப்பறவை. பார்த்தால் இந்த ஏரி ஒரு காலத்தில் ஊரையே விழுங்கியது என்று யாரும் நம்பமாட்டார்கள். 1435 மார்ச் மாதம் பழைய நகரத்தின் கரையோரத் தெரு ஒன்று வீடுகளோடு அப்படியே சரிந்து ஏரிக்குள் போய்விட்டது. சுமார் 60 பேர் செத்தார்கள். 450 வருடம் கழித்து, 1887 ஜூலையில், இன்னொரு கரை சரிந்தது. அதில் 11 பேர். காரணம் பேயும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. ஏரிக்கரை என்று நாம் பார்ப்பது கெட்டித் தரை இல்லை, ஏரி காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட சேறும் வண்டலும். அதன் மேல் பாரம் ஏற்றிக்கொண்டே போனால் ஒருநாள் வழுக்கிக்கொண்டு போகும். கண்மாயைத் தூர்த்து அடுக்குமாடி கட்டுகிறவர்கள் ட்ஸூக்குக்கு ஒரு நடை போய் வரலாம்.

மூன்றாவது ரோட்ஸே. ரயில் பாதையை ஒட்டியே கால்வாய் மாதிரி நீளமாகக் கிடக்கும் சின்ன ஏரி. இரண்டு பக்கமும் மேடு, காற்று அடிக்காது, தண்ணீர் அலையாது. அதனால் துடுப்புப் படகுப் போட்டிக்கு உலகப் பெயர் பெற்ற இடம். நாங்கள் போன அன்றும் நாலைந்து படகு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் லூசெர்ன் வந்துவிட்டது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நேர் எதிரே நாலாவது ஏரி. ஆங்கிலத்தில் லூசெர்ன் ஏரி என்று சுருக்கிவிட்டார்கள். ஜெர்மன் பெயருக்கு அர்த்தம் நாலு வனநாடுகளின் ஏரி. ஊரி, ஷ்வீட்ஸ், உண்டர்வால்டன், லூசெர்ன் என்று நாலு பக்கம் நாலு நாடு. சிலுவையை முறுக்கிப் போட்ட மாதிரி வடிவம். பரப்பு 114 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 214 மீட்டர். எங்கள் சிவகங்கைப் பக்கத்துக் கண்மாயில் ஆள் முங்குகிற ஆழம் இருந்தாலே குழந்தைகளை விடமாட்டார்கள். மகள் ஆழத்தைக் கேட்டுவிட்டுப் படித்துறையிலிருந்து இரண்டு படி மேலே ஏறி நின்றுகொண்டாள்.

இந்த ஏரியின் அடியில்தான் லூசெர்னின் வயது மாறியது. குழாய் பதிக்க ஏரிக்குள் பள்ளம் தோண்டினார்கள். முங்கிப் பார்த்த தொல்லியல்காரர்கள் சேற்றில் மரத்தூண்களையும் பானை ஓடுகளையும் எடுத்தார்கள். சுமார் 3000 வருடத்துக்கு முன்னால் தூண் நட்டு அதன் மேல் வீடு கட்டி ஜனங்கள் இருந்திருக்கிறார்கள். 2021ல் அறிவித்தார்கள். அது வரை ஊரின் வரலாறு ஆயிரம் வருடத்துச் சொச்சம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஏரியின் மட்டம் இப்போதைவிடப் பல அடி கீழே இருந்திருக்கிறது. பக்கத்து ஓடை அடித்துக்கொண்டு வந்த கல்லும் மண்ணும் ஏரி வெளியேறும் வாயை மறித்தது. பிறகு ஆற்றில் மாவு மில்களுக்காக மனிதர்களும் மறித்தார்கள். மட்டம் உயர உயரப் பழைய ஊர் தண்ணீருக்கடியில் போய்விட்டது. கீழடி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதால் இந்த மாதிரிச் செய்தி படித்தால் எனக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் மாதிரி ஒரு சந்தோஷம்.

ஏரி வெளியேறும் அந்த வாய் வழியாகப் போவதுதான் ராய்ஸ் ஆறு. ஆரே ஆற்றில் கலந்து, அது ரைனில் கலந்து, வடகடல் வரை போகிற தண்ணீர். ஆறு ஏரியை விட்டு வெளியேறுகிற அந்த இடத்தில், குறுக்கே நேராக இல்லாமல் கோணலாக, ஒரு முழங்கை மடக்கின மாதிரி கிடக்கிறது காப்பெல்ப்ரூக்கெ. தமிழில் சொன்னால் சிற்றாலயப் பாலம். ஒரு முனையில் புனித பீட்டர் சிற்றாலயம் இருப்பதால் அந்தப் பெயர்.

ஆற்றைக் கடக்க மட்டும் பாலம் வேண்டுமென்றால் யாரும் இப்படிக் கோணலாகக் கட்டமாட்டார்கள். இது கோட்டைச் சுவரின் ஒரு பகுதி. ஊரைச் சுற்றி மதில் கட்டலாம், ஏரிப் பக்கம் தண்ணீரில் எப்படிக் கட்டுவது? அதனால் மரத்தில் ஒரு நடைமதில். இந்தக் கரை நகரத்தையும் அந்தக் கரை நகரத்தையும் இணைத்துக்கொண்டு, ஏரியிலிருந்து படகில் வருகிறவனை மறித்துக்கொண்டு நிற்கிறது. நடுவே தண்ணீரில் நிற்கும் எட்டுப்பட்டைக் கல்கோபுரம் பாலத்துக்கும் மூத்தது, 1300 வாக்கில் கட்டியது, 34 மீட்டர் உயரம். தண்ணீர்க் கோபுரம் என்று பெயர். தண்ணீர்த் தொட்டி அல்ல, தண்ணீரில் நிற்கிற கோபுரம், அவ்வளவுதான். ஊர் கஜானா, ஆவணக் காப்பகம், சிறை, சித்திரவதைக் கூடம் என்று எல்லாமாகவும் இருந்திருக்கிறது. நகரசபையின் பத்திரமும் பணமும் கைதியும் ஒரே கட்டடத்தில்! இப்போது உள்ளே விடுவதில்லை.

கூரை எதற்கு? நடப்பவர் நனையாமல் இருக்க என்று தங்கமணி சொன்னாள். இல்லை, பாலம் நனையாமல் இருக்க. மழையும் பனியும் மாறி மாறி இறங்கினால் நடைபாதைப் பலகையும், முக்கியமாகத் தாங்குகிற உத்தரங்களின் மூட்டுகளும் பதினைந்து இருபது வருடத்தில் உளுத்துவிடும். மேலே ஓடு போட்டுவிட்டால் மாற்ற வேண்டியது ஓடு மட்டும்தான். நம் திண்ணைக்குத் தாழ்வாரம் இறக்குகிற அதே புத்தி. இந்தப் பாலத்தின் சாய்வுக் கட்டைகளும் தாங்கு கட்டைகளும் முக்கோணமாகப் பூட்டி நிற்பதைப் பார்த்து, இன்றும் நிற்கிற சட்டகப் பாலங்களிலேயே மூத்தது என்று பொறியாளர்கள் சொல்கிறார்கள்.

ஆதியில் 270 மீட்டருக்கும் மேல் நீளம். இன்றைக்கு 204 மீட்டர்தான். 19ஆம் நூற்றாண்டில் கரையைத் தூர்த்து ஓட்டல்களும் நடைபாதையும் கட்டினார்கள், தண்ணீர் ஒதுங்கியது, பாலத்தையும் நறுக்கினார்கள். அதே காலத்தில் இதைவிட நீளமான இன்னொரு கூரைப் பாலம், ஹோஃப்ப்ரூக்கெ என்று, பெரிய தேவாலயம் வரை போனது. அதை முழுசாகவே இடித்துவிட்டார்கள். பழமையைப் போற்றும் சுவிஸ்காரர்கள் என்று நாம் பெருமூச்சு விடுவதற்கு முன்னால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அவர்களும் நம்மைப் போலத்தான் இடித்துக்கொண்டிருந்தார்கள், கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

பாலத்துக்குள் நுழைந்ததும் பாதி ஜனம் ஜெரேனியம் பூத்தொட்டிகளோடு செல்ஃபி எடுக்க ஆரம்பித்துவிடுகிறது. நீங்கள் அண்ணாந்து பாருங்கள். கூரையின் முக்கோணத்துக்குள் முக்கோணமாகவே பலகை பொருத்தி ஓவியம் வரைந்திருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு வேலை. ஓவியர் ஹான்ஸ் ஹைன்ரிக் வேக்மன். என்ன வரையவேண்டும் என்று திட்டம் போட்டதில் முக்கியமானவர் ரென்வார்ட் ஸீசாட் என்கிற நகரசபை எழுத்தர். ஊர் வரலாறு, நாட்டு வரலாறு, ஊரின் காவல் புனிதர்களான லியோடேகாரும் மாரிஸும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சபை உறுப்பினர் காசு கொடுத்தார், கீழே அவருடைய குடும்பச் சின்னம். நம் கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவது போல என்று நினைத்துக்கொண்டேன். ஐரோப்பா கத்தோலிக்கம், சீர்திருத்தம் என்று இரண்டாகப் பிளந்து கிடந்த காலம், லூசெர்ன் கத்தோலிக்க முகாமின் தலைமை ஊர். மீன் வாங்கப் போகிறவன் தலைக்கு மேல் தினமும் இரண்டு முறை பிரசங்கம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் போய்ச் சேரும்.

முதல் படத்தில் ஒரு ராட்சசன் நிற்கிறான். மகளுக்கு இந்தக் கதைதான் பிடித்தது. 1577ல் ரைடன் என்ற ஊரில் ஒரு கருவாலி மரம் சாய்ந்தது. வேருக்கடியில் பெரிய பெரிய எலும்புகள். பாசல் நகரத்து மருத்துவர் ஃபீலிக்ஸ் பிளாட்டர், சாதாரண ஆள் இல்லை, அந்தக் காலத்தின் பெரிய உடற்கூற்று நிபுணர், அவர் பார்த்துவிட்டு மனித எலும்புதான், ராட்சச மனிதன் என்று சொல்லிவிட்டார். உயரம் கூடக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஊருக்கு ஒரே பெருமை. ராட்சசர்கள் வாழ்ந்த பூமி! பாலத்தில் முதல் படமாக வைத்தார்கள். இருநூறு வருடம் கழித்து புளூமன்பாக் என்ற ஜெர்மன் அறிஞர் வந்து பார்த்தார். மாமூத் யானை எலும்பு. படத்தை யாரும் மாற்றவில்லை, ராட்சசன் இன்னும் நிற்கிறான்.

கொஞ்ச தூரம் நடந்ததும் மகள் நின்றுவிட்டாள். "அப்பா, இங்க படமே இல்ல. சும்மா முக்கோணம்தான் இருக்கு."

அங்கேதான் எரிந்தது. 1993 ஆகஸ்ட் 17 இரவு, 18 விடியவில்லை, நடுநிசி தாண்டிய நேரம். பாலத்துக்கு அடியில் கட்டியிருந்த படகுகளில் தீ. யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட் என்று சொல்கிறார்கள், கடைசி வரை உறுதியாகவில்லை. கூரைக்குள் காற்று புகுந்து இழுக்க, காய்ந்த மரம், ஒரே மூச்சில் பாலத்தின் பெரும்பகுதி போய்விட்டது. கல்கோபுரமும் இரண்டு முனைகளும் தப்பின. மாட்டியிருந்த ஓவியங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அழிந்தன. எரிந்ததை மீட்டு முழுசாகச் சீர்செய்ய முடிந்தவை 30.

எட்டே மாதம். 1994 ஏப்ரல் 14 அன்று பாலத்தைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். செலவு 34 லட்சம் ஃப்ராங்க். கோபுரத்தைத் தாண்டி நடக்கும்போது மரத்தின் நிறம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

"அப்ப இது பழைய பாலமே இல்லையே? 1994 பாலம். என்னைவிடக் கொஞ்சம்தான் பெருசு," என்றாள் மகள். ஏழாம் வகுப்பு. புனேயில் பிறந்து வளர்ந்ததில் தமிழில் பாதி மராத்தி கலக்கும், ஆனால் கேள்வி மட்டும் சுத்தமாக வரும்.

நான் பதிலுக்குத் தடுமாறிக்கொண்டிருந்தபோது தங்கமணி சொன்னாள். அவள் திருவாரூர்க்காரி. "எங்க ஊர் ஆழித்தேர் 1926ல எரிஞ்சு போச்சு. 1930ல புதுசா செஞ்சு ஓட்டுனாங்க. எங்க தாத்தா சொல்வாரு. இப்ப யாராச்சும் அதைப் புதுத்தேர்னு சொல்றாங்களா? அப்பர் காலத்துத் தேருன்னுதானே சொல்றோம்? தேர்ல அச்சு மாத்துவோம், சக்கரம் மாத்துவோம், பொம்மை மாத்துவோம். தேர் அதேதான்."

நல்ல பதில். பாலத்துக்கும் பொருந்தும், ஏனென்றால் எரிவதற்கு முன்னாலும் அது முழுக்க 14ஆம் நூற்றாண்டு மரம் இல்லை. தண்ணீரில் நிற்கிற தூண் அறுநூறு வருடம் தாங்குமா? தலைமுறைக்குத் தலைமுறை கட்டை கட்டையாக மாற்றிக்கொண்டே வந்ததுதான். தீ செய்தது அதையே ஒரே ராத்திரியில். ஆனால் எனக்கு அந்த வெற்று முக்கோணங்கள் உறுத்திக்கொண்டே இருந்தன. தேரில் ஒரு யாளி உடைந்தால் இன்னொரு யாளி செய்ய ஸ்தபதி இருக்கிறார், அவர் கைக்கு அந்த இலக்கணம் தெரியும். வேக்மன் படம் வேக்மன் கையோடு போனது. அச்சு அசலாகப் பிரதி எடுத்து மாட்டினால் அது படத்தின் படம்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின் மேல் நாயக்கர் காலத்தில் வரைந்தார்கள், 1931ல்தான் கோவிந்தசாமி அடியில் இருந்ததைக் கண்டுபிடித்தார். மூடினாலும் அழிக்கவில்லை என்பதால் கிடைத்தது. இன்றைக்கு எத்தனை கோயில் விதானத்தில் எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டு ஜீர்ணோத்தாரணம் என்கிறோம்! இங்கே அந்த இடங்களை நிரப்பாமல் விட்டதுதான் இந்தப் பாலத்தில் எனக்குப் பிடித்த வேலை என்று சொன்னால் தங்கமணி ஒத்துக்கொள்ளவில்லை. "வெறுமையா விட்டா வீடு விளங்காது" என்பது அவள் கட்சி.

நாங்கள் ஆற்றோரப் பெஞ்சில் புளியோதரையைப் பிரித்துக்கொண்டே இதைத்தான் சத்தமாக விவாதித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி இந்தியாவில எந்த இடம்?"

சிவகங்கைப் பக்கம், இப்போது புனே என்றேன். அவர் யாழ்ப்பாணம். சுவிட்சர்லாந்தில் பத்தாயிரக்கணக்கில் ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 1983க்குப் பிறகு அகதியாக வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள். சூரிச்சில் ட்ராமில் ஏறினால் தமிழ் காதில் விழாத நாள் குறைவு. புளியோதரையை நீட்டினோம். வாங்கிக்கொண்டு, மகளைப் பார்த்து, "பிள்ளை நல்லாத் தமிழ் கதைக்கிறா" என்றார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு என் பின்னால் வந்துவிட்டாள்.

"பாலம் எரிஞ்சதைப் பற்றித்தானே கதைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்? நான் அப்ப இங்கதான். வந்து ரெண்டு வருசம், கிச்சினில பாத்திரம் கழுவுற வேலை. விடிய வேலைக்கு வரேக்க பார்த்தா பாலம் நிண்ட இடத்தில கறுப்புக் கட்டையள்தான் நிக்குது. இந்தச் சனம் லேசில அழாது. அண்டைக்குக் கரையில நிண்டு அழுதுகொண்டு நிண்டதுகள்."

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு ஐயா?" என்று தங்கமணி கேட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் சாப்பிட்டார். "எனக்கு எங்கட லைப்ரரிதான் ஞாபகம் வந்தது. எண்பத்தொண்டில எரிச்சவங்கள். அப்ப நான் பள்ளிக்கூடப் பெடியன். இவங்கள் எட்டு மாசத்தில கட்டிப் போட்டாங்கள். எங்கட லைப்ரரி திரும்பத் திறக்க இருபது வருசத்துக்கு மேல போட்டுது. கட்டடம் வெள்ளையாத்தான் நிக்குது, போய்ப் பார்த்தனான். ஏடுகள் எங்க?"

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தது 1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 விடிவதற்குள். சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. வேறு எங்கும் பிரதி இல்லாத சுவடிகள் அதில் உண்டு. இது சிகரெட் நெருப்பு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது சரியா என்று எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் வைத்தது நான் அல்ல, பாத்திரம் கழுவப் போன வழியில் புகையைப் பார்த்த மனிதர். அவர் எழுந்து போகும்போது மகள் தலையைத் தடவிவிட்டு, "தமிழ விட்டிடாதை பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் யாரும் பழைய பாலமா புதுப் பாலமா என்று பேசவில்லை.

ஆற்றோடு கீழே பத்து நிமிடம் நடந்தால் இரண்டாவது கூரைப் பாலம், ஷ்ப்ராயர்ப்ரூக்கெ. சுற்றுலாக் கூட்டம் இங்கே பாதி கூட இல்லை. ஷ்ப்ராய் என்றால் உமி, பதர். அந்தக் காலத்தில் ஊரில் ஆற்றோட்டத்தின் கடைசிப் பாலம் இதுதான் என்பதால் உமியையும் சருகையும் இங்கிருந்து மட்டும் ஆற்றில் கொட்ட அனுமதி இருந்தது. ஊருக்கு மேலே கொட்டினால் ஊருக்குள் வரும், கீழே கொட்டினால் அடுத்த ஊர்க்காரன் தலையெழுத்து! 1408ல் கட்டி முடித்தது, 1566 வெள்ளத்தில் போய் மறுபடி கட்டியது.

இதிலும் முக்கோண ஓவியம் உண்டு. 1626லிருந்து 1635 வரை காஸ்பர் மெக்லிங்கர் வரைந்தது. விஷயம் மரணத்தின் நடனம். 67 படத்தில் 45 மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் எலும்புக்கூடு ஒருவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது. போப்பாண்டவர், அரசர், வியாபாரி, கல்யாணப் பெண், ஓவியர், யாரையும் விடவில்லை. கொள்ளைநோய் வந்து வந்து போன காலம், ஜெர்மன் நாடுகளில் முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். தங்கமணிக்கு மட்டும் பிடிக்கவில்லை. "காய் வாங்கப் போகும்போதும் இதையா பாத்துட்டுப் போவாங்க?" ஆமாம், அதற்குத்தான் அங்கே மாட்டியது. எனக்கு முதல் பாலத்தைவிட இதுதான் பெரிய ஓவியம். வேக்மன் ஊர்ப் பெருமையை வரைந்தார். மெக்லிங்கர் ஊரை வரைந்திருக்கிறார்.

இந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சமாச்சாரம் இருக்கிறது, வழிகாட்டிகள் கொடியைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்கள். ஊசி அணை. 1859-60 வாக்கில் கட்டியது. ஆற்றின் குறுக்கே இரும்புச் சட்டம், அதில் செங்குத்தாக வரிசையாக மரக்கட்டைகள், ஒவ்வொன்றும் ஓர் ஊசி. தண்ணீர் அதிகமானால் ஆட்கள் போய்க் கையாலேயே கட்டைகளை உருவுவார்கள். குறைந்தால் திரும்பச் செருகுவார்கள். 114 சதுர கிலோமீட்டர் ஏரியின் மட்டம் இந்தக் கட்டைகளை நம்பித்தான் இருந்தது. 2005 ஆகஸ்ட் வெள்ளத்தில் லூசெர்ன் கரையெல்லாம் மூழ்கிய பிறகு அணையைச் சீர்செய்து, பக்கத்தில் இன்னொரு மதகும் சேர்த்தார்கள். ஆனாலும் ஊசிகளை எடுக்கவில்லை.

நான் அங்கேயே கால் மணி நேரம் நின்றுவிட்டேன். எங்கள் ஊர்க் கண்மாயில் கலுங்கு இப்படித்தான். கலுங்குச் சுவரின் மேல் இடைவெளி விட்டு வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பார்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அந்த இடைவெளி வழியாக மிச்சத் தண்ணீர் ஓடிவிடும். மழை ஓய்கிற சமயம் பார்த்து நீர்பாய்ச்சி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லுக்குக் கல் பலகையும் மண்ணும் புல்கரணையும் வைத்து அடைப்பார். ஓரடி, இரண்டடி கூடுதலாக நிற்கும். அந்த ஓரடித் தண்ணீரில்தான் கடைமடை வயல் தை மாதம் வரை தாங்கும். சீக்கிரம் அடைத்தால் கரை உடையும், தாமதித்தால் தண்ணீர் போய்விடும். மேற்கே இரும்பும் ஊசியும், எங்கள் ஊரில் கல்லும் பலகையும், யோசனை ஒன்றே. வித்தியாசம், இங்கே அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் கலுங்கில் இரண்டு குத்துக்கல்லைக் காணோம், யார் வீட்டுப் படிக்கட்டில் கிடக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

மத்தியானம் படகு. இந்த ஏரியில் இன்னும் ஐந்து நீராவிச் சக்கரக் கப்பல்கள் வைத்திருக்கிறார்கள். மூத்தது ஊரி, 1901. நடுத்தளத்தில் கண்ணாடி வழியாக எஞ்சின் தெரியும், பித்தளையும் எஃகும் பளபளக்க, பிஸ்டன் ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு. மகள் ஏரியைப் பார்க்கவே இல்லை. வீட்ஸ்னாவ் துறை வரை போய்த் திரும்பினோம். அங்கிருந்து ரீகி மலைக்கு ஏறும் பல்சக்கர ரயில் 1871ல் வந்தது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். அதை அமைத்த நிக்லாவுஸ் ரிகன்பாக் 1882ல் நம் நீலகிரிக்கு வந்திருக்கிறார்! சர்க்கார் அழைத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ரயில் விட என்ன ஆகும் என்று மதிப்பீடு வாங்கினார்கள். கடைசியில் அவர் முறை இல்லாமல், அவரிடம் வேலை பார்த்த இன்னொரு சுவிஸ்காரர் ரோமன் ஆப்டின் முறையில்தான் பாதை போட்டார்கள். 1899ல் குன்னூர், 1908ல் ஊட்டி. பிறகு அதில் ஓடிய எக்ஸ் வகை எஞ்சின்கள் சூரிச்சுக்குப் பக்கத்து வின்டர்தூரில் செய்து கப்பலில் வந்தவை. ஊட்டி ரயிலில் குழந்தைகளைக் கூட்டிப்போயிருக்கிறவர்கள் வீட்ஸ்னாவில் அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், ஒரே குடும்பத்து முகம்.

சாய்ந்த சிங்கத்தின் சிலையையும் பார்த்தோம். 1792ல் பாரிஸில் பிரெஞ்சு ராஜாவுக்காகச் செத்த சுவிஸ் கூலிப்படைக்காரர்களுக்கு 1821ல் பாறையில் வெட்டிய நினைவுச் சின்னம். நல்ல சிற்பம்தான், ஆனால் நாங்கள் போன நேரம் மூன்று பஸ் வந்து நின்றதால் சிங்கத்தைவிட ஜனத்தைத்தான் பார்த்தோம். ஒரு பஸ்ஸில் முழுக்க நம்ம ஆட்கள், டைட்லிஸ் போய்விட்டு வந்த களைப்பில்.

போகிறவர்களுக்கு: இரண்டு பாலத்திலும் நடக்கக் காசு கிடையாது. காலை 9 மணிக்கு முன்னால் போனால் காப்பெல்ப்ரூக்கெயில் நீங்கள் மட்டும். வடக்குப் பக்கம் முசெக் மதில், ஒன்பது கோபுரத்தோடு நிற்கிறது. குளிர்காலத்தில் கோபுரங்களை மூடிவிடுவார்கள். அதில் மணிக்கூண்டுக் கோபுரத்தின் கடிகாரம் 1535ல் செய்தது. ஊரின் மற்ற எல்லாக் கடிகாரங்களுக்கும் ஒரு நிமிடம் முன்னால் அடிக்க அதற்கு மட்டும் உரிமை உண்டு, இன்றும் அப்படித்தான் அடிக்கிறது. அந்த மணியைக் கேட்டுப் பதறி ஓடவேண்டாம். ரயில் ஸ்டேஷன் கடிகாரப்படிதான் கிளம்பும்.